கப்பலுக்கு ஒயின் எடுத்துட்டுப் போகலாமா டாக்டர்?

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்.

"டாக்டர், சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ் கப்பல்ல போறோம். சொந்தமா ஒரு ஒயின் பாட்டில் கையில எடுத்துட்டுப் போகலாமா? நீங்க போயிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்."

போயிருக்கிறேன். ஐந்து நாள் பயணத்துக்குப் பணம் கட்டி, இருபத்திச் சொச்சம் மணி நேரத்தில் பினாங்கில் இறங்கி வந்தவன் நான்.

முதலில் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ் போன்ற பெரிய கப்பல் நிறுவனங்களின் விதி ஏறக்குறைய ஒன்றுதான்.

குடிக்கும் வயது வந்த ஒருவருக்கு 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின், ஒரே ஒரு பாட்டில். ஏறும் முதல் நாளில் மட்டும். சீல் உடைக்காமல், கைப்பையில் வைத்துக் கொண்டு போக வேண்டும். பெட்டிக்குள் வைத்துச் சுமை தூக்குபவரிடம் கொடுத்து விடக்கூடாது.

அதை உங்கள் அறையில் குடித்தால் காசு இல்லை. கப்பல் உணவகத்தில் திறந்து குடித்தால் "கார்க்கேஜ்" என்று ஒரு கட்டணம் போடுவார்கள். நார்வீஜியன் நிறுவனத்தில் எத்தனை ஒயின் பாட்டில் வேண்டுமானாலும் கொண்டு போகலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு.

பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா? இந்தக் கப்பல்களில் கூடாது. பிடித்தால் வாங்கி வைத்துக் கொள்வார்கள்.

விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே உங்கள் டிக்கெட்டோடு வரும் விதிமுறைத் தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏன் ஒயினுக்கு மட்டும் சலுகை?

கப்பல்காரர்களுக்கு டிக்கெட்டில் கிடைப்பதோடு உள்ளே விற்கிற சரக்கில் கிடைப்பதும் பெரிய வருமானம். ஆளாளுக்கு ஒரு ஃபுல் பாட்டிலோடு ஏறினால் பாரில் யார் உட்காருவார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. பாரில் குடிப்பவர் அளவு மீறினால் "போதும் சார்" என்று ஊற்றுபவர் நிறுத்தலாம். அறைக்குள் தனியாகக் குடிப்பவரை யார் நிறுத்துவது? சுற்றிலும் கடல். போதையில் பால்கனியில் தடுமாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒயின் என்பது கல்யாண நாள், பிறந்த நாளுக்குச் சாப்பாட்டோடு வைத்துக் குடிப்பது என்று ஒரு பழக்கம் அங்கே இருக்கிறது. அதற்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு.

இவ்வளவு விதி இருந்தும் கடத்துபவர்கள் கடத்திக் கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்கேனரில் தெரியாத பிளாஸ்டிக் பைகளை இதற்கென்றே விற்கிறார்கள். ஷாம்பு பாட்டில், சன் ஸ்கிரீன் டியூப், மவுத்வாஷ் பாட்டில்... எதையும் விட்டு வைப்பதில்லை. தண்ணீர் பாட்டிலில் வோட்காவை ஊற்றிக் கொண்டு வந்த தொல்லையில் கார்னிவல் நிறுவனம் 2015-இல் பாட்டில் தண்ணீர் கொண்டு வருவதையே நிறுத்திவிட்டது.

இதை எல்லாம் படிக்கும்போது சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

இப்போது வருவதில்லை.

என் அக்கா வீட்டுக்காரருக்கு அறுபது வயது பூர்த்தி. ஊரில் மணிவிழா முடிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகளும் மாப்பிள்ளையும் "அப்பா அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறோம், மாமா நீங்களும் வந்தே ஆகணும்" என்று எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டு விட்டார்கள். நாலு ராத்திரி. சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர்.

அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை.

ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசாதவர். இருபது வருடத்துக்கு மேலாகக் குடிப்பழக்கம் இருந்தது. ஆனால் தெருவில் விழுந்து கிடந்தவரோ, வீட்டில் அடிதடி செய்தவரோ இல்லை. கடையை அடைத்துவிட்டு வருவார், சாப்பிடுவார், படுப்பார். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வருடம் சர்க்கரையும் கல்லீரல் என்சைமும் ஏறி இருந்ததைப் பார்த்து நான் கத்தினேன். குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டிக் கொண்டார். "இனிமே தொட மாட்டேன் மாப்ள" என்றார்.

நானும் நம்பினேன். நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். "அத்தான் விட்டுட்டாரு. மனசு வச்சா முடியும்."

ஒரு ஞாயிறு இரவு சென்னையில் விமானம் ஏறினோம். திங்கள் காலை சாங்கியில் இறங்கினோம். அக்கா மகள் குடும்பம் விமான நிலையத்துக்கே வந்துவிட்டது. அப்படியே சிராங்கூன் ரோட்டில் இட்லி, காபி. அங்கிருந்து நேராக மரினா பே துறைமுகம். பெட்டிகளுக்கு அறை எண் போட்ட அட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

மாப்பிள்ளை கையில் ஒரு ஒயின் பாட்டில் இருந்தது. புதன்கிழமை அத்தானின் ஆங்கிலத் தேதிப்படி பிறந்த நாள். அன்றைக்கு இளையவர்கள் மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொள்ளலாம் என்று அவர்கள் திட்டம். பாதுகாப்பு அதிகாரி பாட்டிலைப் பார்த்தார், சீலைத் தடவிப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. எல்லோர் பெட்டியும் அறை வாசலுக்கு வந்துவிட்டது. அத்தான் பெட்டி மட்டும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அறைக்கு போன் வந்தது. கீழ்த் தளத்தில் பாதுகாப்பு அறைக்கு வரச் சொன்னார்கள்.

"மாப்ள, நீ மட்டும் கூட வா. இங்கிலீஷ்ல பேசணும்" என்றார் அத்தான். அக்காவை வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு லேசாகப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அங்கே ஒரு மேசை. மேசை மேல் அத்தான் பெட்டி. அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வேட்டிக்கு நடுவில் சுற்றி வைத்திருந்த இரண்டு மவுத்வாஷ் பாட்டில்கள். ஒவ்வொன்றும் 500 மில்லி. ஒன்றின் மூடியைத் திறந்தார். பிராந்தி நெடி அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்தது.

அதிகாரி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், பாட்டில்களை எடுத்து வைத்துக் கொண்டார், "நல்ல பயணமாக அமையட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

லிஃப்ட் வாசலில் அத்தான் என் கையைப் பிடித்துக் கொண்டார். கை ஈரமாக இருந்தது.

"அக்காட்ட சொல்லிராத மாப்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வருடமாக என்னையும் ஏமாற்றியிருக்கிறார் என்கிற கோபம்.

நான் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"நல்லதாப் போச்சு அத்தான். நாலு நாள் இல்லாம இருந்து பாருங்க. ஒண்ணும் செத்துற மாட்டீங்க."

28 வருடமாக டாக்டர் தொழில் பார்க்கிறவன் சொன்ன வார்த்தை அது.

"ஏன் டாக்டர், கப்பல்ல பார் இருக்குமே, வாங்கிக் குடிச்சிருக்கலாமே?" என்று கேட்பீர்கள்.

கப்பலில் கையில் காசு புழங்காது. எல்லாம் அறை அட்டையில் கணக்கு. ஒரு பெக் வாங்கினாலும் அது டிக்கெட் போட்ட மகளின் கணக்கில், பெயரோடும் நேரத்தோடும் ஏறும். ஒரு வருடமாக "விட்டுட்டேன்" என்று சொல்லிக் கொண்டிருந்த அப்பா, மகள் கணக்கில் எப்படிக் குடிப்பார்?

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அத்தான் சூப் ஸ்பூனை எடுத்தார். ஸ்பூன் கிண்ணத்தில் தாளம் போட்டது. வைத்துவிட்டார். ஏசி குளிரில் நெற்றியில் வியர்வை.

"கப்பல் ஆடுதுல்ல, அதான்" என்றார்.

கப்பல் ஆடவே இல்லை. மலாக்கா நீரிணை அன்றைக்கு ஊர்க் கண்மாய் மாதிரி கிடந்தது.

என் ஓபியில் ஒரு நோயாளி இப்படிக் கையை நீட்டினால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். எதிரில் இருந்தது அத்தான். என் மனசில் இருந்தது கோபம். "ராத்திரி பிளைட்ல தூங்கல, டயர்டு" என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

விடிகாலை நாலு மணி. அக்கா மகள் கதவை இடிக்கிறாள். "மாமா, அப்பா... அப்பா..."

போய்ப் பார்த்தால் அத்தான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடக்கிறார். கை கால் வெட்டி இழுக்கிறது. கண் மேலே சொருகி இருக்கிறது. வாயோரம் ரத்தம் கலந்த நுரை. நாக்கைக் கடித்துவிட்டார்.

ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்குத் தலையணை. வாயில் எதையும் வைக்கவில்லை, கையில் சாவி எதுவும் கொடுக்கவில்லை. தயவு செய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். மாப்பிள்ளை அறை போனில் அவசர எண்ணுக்கு அடித்தார். ஐந்து நிமிடத்துக்குள் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள்.

பெரிய கப்பல்களில் மருத்துவ மையம் கீழ்த் தளங்களில் இருக்கும். அங்கே ஆட்டம் குறைவு. துறைமுகத்தில் நோயாளியை இறக்கவும் வசதி. மானிட்டர், ஈசிஜி, ஆக்சிஜன், அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்தன. கப்பல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி.

சர்க்கரை பார்த்தார். 142. தாழ்சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் 170/110. நாடித் துடிப்பு 118.

"முன்பு வலிப்பு வந்திருக்கிறதா?" இல்லை.

"தலையில் அடிபட்டதா?" இல்லை.

மூன்றாவது கேள்வி.

"கடைசியாக மது அருந்தியது எப்போது?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா எனக்குப் புரிவது போலத் தமிழிலேயே சொன்னாள். "அவர் குடிக்கிறதே இல்லைனு சொல்லுடா தம்பி. விட்டு ஒரு வருஷம் ஆச்சு. கோயில்ல கயிறு கட்டியிருக்காரு."

அத்தான் அரை மயக்கத்தில் கிடந்தார். மணிக்கட்டில் அந்தச் சிவப்புக் கயிறு.

"சொல்லிராத மாப்ள" என்று கேட்டவர் அவர். என் வீட்டு மனிதர். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் ஒரு நோயாளி. தவறான தகவல் கொடுத்தால் தவறான சிகிச்சை நடக்கும்.

சொன்னேன். தினமும் குடிப்பவர். கடைசியாகக் குடித்தது ஞாயிறு சாயங்காலம், விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்னால் இருக்கும். சுமார் 30 மணி நேரம் ஆகிறது. கொண்டு வந்ததை நேற்று எடுத்துக் கொண்டார்கள்.

டாக்டர் தலையை ஆட்டினார். லொராசெபம் ஊசி நரம்பில் போனது. தயமின் போனது. அரை மணி நேரத்தில் நடுக்கம் குறைய ஆரம்பித்தது.

நான் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் மருத்துவம் பேசுவோம்.

மது மூளைக்கு ஒரு பிரேக். தினமும் பல வருடம் பிரேக்கை அழுத்திக் கொண்டே இருந்தால் மூளை என்ன செய்யும்? வண்டி ஓட வேண்டுமே என்று ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து அழுத்தப் பழகிவிடும். இரண்டும் சமமாக இருக்கும்வரை ஆள் பார்க்க நன்றாக இருப்பார். கடை நடத்துவார், கணக்குப் பார்ப்பார்.

திடீரென்று ஒருநாள் பிரேக்கை எடுத்துவிட்டால்? ஆக்ஸிலரேட்டர் மட்டும் மிஞ்சும். வண்டி தறிகெட்டு ஓடும்.

இதுதான் "ஆல்கஹால் வித்ட்ராயல்". குடியை திடீரென நிறுத்துவதால் வரும் பாதிப்பு.

கடைசியாகக் குடித்ததில் இருந்து கணக்கு:

6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி உணர்வு, தூக்கமின்மை.

48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அத்தானுக்கு வந்தது இதுதான்.

2 முதல் 4 நாட்களில் சிலருக்குப் புத்தி பேதலிப்பு. இடம், நேரம் தெரியாது. சுவரில் எறும்பு ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். காய்ச்சல் அடிக்கும், நாடி எகிறும். "டெலிரியம் ட்ரெமன்ஸ்" என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

இதை நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் நர்ஸையும் கேளுங்கள். இடுப்பு எலும்பு முறிந்து அட்மிட் ஆனவர், மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் இருந்து இறங்கி ஓடப் பார்ப்பார். "ஆளு தப்பாப் பேசுறாரு சார்" என்று வீட்டம்மா அழுவார். "குடிப்பாரா?" என்றால் "எப்பவாச்சும் சார்" என்பார்கள். அந்த "எப்பவாச்சும்" தினமும் இரண்டு குவார்ட்டராக இருக்கும்.

மாலை போட்ட நாலாம் நாள் வலிப்போடு வரும் சாமிகளைப் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் மூடிய முதல் வாரத்தில் நடுங்கும் கைகளோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் பார்த்தவன்தான் "நல்லதாப் போச்சு" என்று சொன்னவன்.

இங்கே ஒரு கணக்கு.

நம் ஊர்க் குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 61 கிராம்.

750 மில்லி ஒயின், 12.5 சதவீதம் என்றால் சுமார் 74 கிராம்.

அதாவது "ஒயின்தானே, பழச்சாறு மாதிரி" என்று நினைக்கும் ஒரு முழுப் பாட்டில், ஒரு குவார்ட்டரையும் தாண்டிய சரக்கு. பாட்டில் அழகாக இருப்பதாலும் திராட்சையில் செய்வதாலும் கல்லீரல் ஏமாறாது. "ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது" என்பதையும் இதோடு மறந்துவிடுங்கள். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் பினாங்கு. எல்லோரும் ஜார்ஜ் டவுன் சுற்றிப் பார்க்க வரிசையில் இறங்கினார்கள். நாங்கள் ஆம்புலன்ஸில் போனோம்.

தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். நேரத்தில் மருந்து ஆரம்பித்ததால் புத்தி பேதலிப்பு வரவில்லை. பிழைத்தார்.

புதன்கிழமை பிறந்த நாள். நர்ஸ் கொடுத்த கஞ்சியை அக்கா ஊட்டினாள். அத்தானுக்குக் கை இன்னும் லேசாக ஆடிக் கொண்டிருந்தது. வெட்கம் வேறு. கண்ணை மூடிக் கொண்டே வாயைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள்.

"என்னக்கா?"

"அவரு விடலைனு. பக்கத்துல படுக்கிறவளுக்கு வாசம் தெரியாதா? கேட்டா அப்புறம் நேராவே குடிக்க ஆரம்பிச்சிருவாரோன்னு பயம். மறைச்சுக் குடிக்கிற வரைக்கும் கொஞ்சமாக் குடிப்பாருன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் டாக்டர்ட்ட அப்படிச் சொன்ன?"

ரொம்ப நேரம் பேசவில்லை.

"பழகிருச்சுடா" என்றாள்.

ஒரு வீட்டில் ஒரு வருடம். அவர் மறைக்கிறார். அவள் தெரியாதது போல இருக்கிறாள். நான் பெருமையடித்துக் கொண்டு திரிகிறேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நோயைப் பத்திரமாக வளர்த்திருக்கிறோம்.

மூன்றாம் நாள் அத்தான் கொஞ்சம் தெளிந்தபின் கேட்டேன்.

"ஏன் அத்தான், கப்பலுக்குள்ள கடத்துற அளவுக்கு அப்படி என்ன ஆசை?"

"ஆசையா?" என்று என்னைப் பார்த்தார். "மாப்ள, போன வருசம் கயிறு கட்டின மறுநாளே நிறுத்திப் பார்த்தேன். ரெண்டாம் நாள் கடையில சாவியைப் பூட்டுல நுழைக்க முடியல. நெஞ்சு அடிச்சுக்குது. செத்துருவேன்னு நெனச்சேன். ஒரு கட்டிங் போட்டேன், கை நின்னுருச்சு. அதுல இருந்து இப்படித்தான். நாலு ராத்திரிக்கு ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு 250. வீட்ல குடிக்கிறதைவிடக் கம்மி. அளந்துதான் ஊத்தினேன்."

நான் என்ன சொல்ல?

அக்கா சர்க்கரை மாத்திரையை நாள்வாரியாக டப்பாவில் எண்ணி வைப்பாள். அதே மாதிரி இவர் பிராந்தியை எண்ணி எடுத்து வந்திருக்கிறார். ஜாலிக்கு இல்லை. கை நடுங்காமல் இருக்க. மகள் முன்னால் ஸ்பூன் ஆடாமல் இருக்க.

அந்த நாளே, போன வருடம், "மாப்ள, நிறுத்தினா கை நடுங்குது" என்று என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரத்து மருந்தில் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

நான் கத்தியிருந்தேன். அதனால் சொல்லவில்லை.

பயணக் காப்பீட்டு நிறுவனம் "மது தொடர்பான பாதிப்புக்குப் பணம் கிடையாது" என்று கைவிரித்துவிட்டது. விதியில் அப்படித்தான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. கப்பல் மருத்துவச் செலவு, பினாங்கு செலவு, திரும்பும் விமானம் எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சத்துக்கு மேல். கடையில் இருந்து எடுத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நான் பார்க்கவில்லை. சொந்தக்காரனாக நான் ஒருமுறை தோற்றாயிற்று.

மாத்திரை, கவுன்சலிங், வாரம் ஒருமுறை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். நாலாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் தவறினார். அன்றிரவே எனக்கு போன் செய்தார். "குடிச்சிட்டேன் மாப்ள." இந்த முறை நான் கத்தவில்லை. "காலைல டாக்டரைப் பார்க்கலாம் அத்தான், நானும் வர்றேன்" என்றேன்.

அதன்பின் இன்றோடு பதினோரு மாதம்.

இந்தப் பதிவு அவர் படித்துப் பார்த்து, "போடு மாப்ள, நாலு பேருக்கு உதவும்" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

இனி உங்களுக்கு:

தினமும் குடிப்பவர் குடியை விட முடிவெடுத்தால், அது மிக நல்ல முடிவு. ஆனால் தானாகத் திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்துங்கள். காலையில் கை நடுங்குபவர், முன்பு வலிப்பு வந்தவர், வயதானவர், கல்லீரல் பாதிப்பு உள்ளவர் கட்டாயம் மருத்துவமனையில் இருந்து நிறுத்த வேண்டும்.

"அப்ப நடுக்கம் வந்தா ஒரு கட்டிங் போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்காதீர்கள். அது வைத்தியம் இல்லை. அத்தான் ஒரு வருடம் அதைத்தான் செய்தார். அதற்கென்று மருந்து இருக்கிறது. அந்த மருந்தையும் நீங்களாக மெடிக்கலில் வாங்காதீர்கள்.

அறுவை சிகிச்சைக்கோ விபத்திலோ அட்மிட் ஆகும்போது குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். எவ்வளவு, கடைசியாக எப்போது. இந்த இரண்டு பதில் ஒரு உயிரைக் காப்பாற்றும்.

வீட்டுப் பெண்களுக்கு: அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில், காபியில் "குடி மறக்கும் மருந்து" கலக்காதீர்கள். அது தெரியாமல் அவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடியை விட உதவி வேண்டுவோர் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. பேர் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

இன்பாக்ஸ் நண்பருக்கு:

ஒயின் எடுத்துப் போகலாம் நண்பரே. 750 மில்லி, ஒருவருக்கு ஒன்று, கைப்பையில், முதல் நாள். குடிக்காமல் போனால் இன்னும் நல்லது. எங்கள் பாட்டிலை மாப்பிள்ளை அறை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். யார் எடுத்தார்களோ தெரியாது.

ஆனால் உங்கள் கூட்டத்தில் யாராவது மவுத்வாஷ் பாட்டிலில் ஊற்றி எடுத்து வருகிறார் என்று தெரிந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ஊரில் இருந்து கிளம்பும் முன்பே, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஒரு நாள் குடிக்கலேன்னா உங்களுக்கு என்ன பண்ணுது?"

பதில் சொல்லும்போது அவர் கையைப் பாருங்கள்.